புட்டிக்குள் ஒரு கணக்கு: வீட்டில் உருவாகும் ஸ்டவுட் பீரின் அறிவியல்

பார்லியை முளைக்கவைத்து உலர்த்தி, அதில் ஒரு பகுதியைக் கருக வறுத்து, அந்தத் தானியங்களின் இனிப்புச் சாற்றை ஈஸ்ட்டால் நொதிக்கச் செய்து பெறும் கருநிற பீருக்கு ஸ்டவுட் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்குவோரும் பிற உழைப்பாளரும் விரும்பிப் பருகிய ‘போர்ட்டர்’ என்னும் பழுப்பு பீரின் வலுவான வகையாகத் தோன்றிய இது, அயர்லாந்தில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. டப்ளின் நகரின் செயின்ட் ஜேம்ஸ் கேட் பகுதியில் 1759இல் ஆர்தர் கின்னஸ் குத்தகைக்கு எடுத்த ஆலை பின்னாளில் ஸ்டவுட்டுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. சாதனைப் புத்தகத்தின் வழியாகத் தமிழர் அறிந்திருக்கும் கின்னஸ் என்னும் பெயர் இந்த ஆலையின் பெயரே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இவ்வகை பீர் வெப்ப நாடுகளிலும் காலூன்றியது என்பதற்கு இலங்கையின் லயன் ஸ்டவுட் இன்றளவும் சான்றாக நிற்கிறது.

பேராலைகளின் தொழிலாக இருந்த இந்தத் தயாரிப்பு இன்று பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வீட்டுச் சமையலறையிலும் நடைபெறுகிறது. பிரிட்டனில் வீட்டுத் தேவைக்கு பீர் தயாரிப்போரும் உரிமம் பெற வேண்டும் என்று 1880இல் வந்த சட்டம் விதித்திருந்தது. 1963ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கிய பின், விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தயாரிப்பது எவருக்கும் இயல்வதாயிற்று. அமெரிக்காவில் இதே உரிமையை 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அளித்தது. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம் என்பதால், இங்கு விளக்கப்படுவது அனுமதியுள்ள நாடுகளின் நடைமுறை என்று கொள்ள வேண்டும்.

கடையில் கிடைக்கும் ‘கிட்’ என்னும் தயார்நிலைத் தொகுப்பை வாங்கி, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து, ஈஸ்ட்டைத் தூவி, சில நாள் கழித்துப் புட்டியில் அடைப்பது பார்வைக்கு மிக எளிய வேலை. ஆனால் அந்த எளிமைக்குப் பின்னால், அடர்த்தியையும் வெப்பத்தையும் உயிரணுக்களின் எண்ணிக்கையையும் வாயுவின் அழுத்தத்தையும் அளக்கக் கற்றுக்கொண்ட இரண்டு நூற்றாண்டு அறிவியல் இருக்கிறது. ஸ்டவுட் இன்றுள்ள வடிவத்தை அடைந்ததே ஓர் அளவுகோலின் விளைவு; வீட்டில் அதைத் தயாரிப்பவருக்கு வெற்றியையும் பாதுகாப்பையும் ஒருசேரத் தருவதும் அதே அளவுகோல்தான்.

தகர டப்பாவுக்குள் முடிந்துவிட்ட வேலை

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1862இல் தொடங்கப்பட்ட கூப்பர்ஸ் நிறுவனம் விற்கும் ஸ்டவுட் கிட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் 1.7 கிலோ எடையுள்ள தார் போன்ற கரிய பாகும், தகர டப்பாவின் மூடிக்கு அடியில் ஒரு சிறு பொட்டலம் உலர் ஈஸ்ட்டும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு 23 லிட்டர் பீர் தயாரிக்கலாம். இந்தப் பாகுக்கு மால்ட் சாறு என்று பெயர். மால்ட் என்பது நீரில் ஊறவைத்து முளைகட்டிய பின், முளை மேலும் வளராதபடி சூடான காற்றில் உலர்த்திய பார்லி. முளைக்கும்போது, தன்னிடம் சேமித்துள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் அமைலேஸ் என்னும் நொதிகளைத் தானியம் உருவாக்கிக்கொள்கிறது. ஆலையில் இந்த மால்ட்டை உடைத்து ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கும்போது அந்நொதிகள் மாவுச்சத்தின் பெரும்பகுதியை மால்டோஸ் என்னும் சர்க்கரையாகவும், எஞ்சியதை டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட மூலக்கூறுகளாகவும் மாற்றுகின்றன. மால்டோஸ் ஈஸ்ட்டுக்கு உணவாகும். டெக்ஸ்ட்ரினை வழக்கமான பீர் ஈஸ்ட்டால் உண்ண இயலாது என்பதால் அது இறுதிவரை எஞ்சி, பீருக்குத் திடத்தைத் தருகிறது.

இவ்வாறு கிடைத்த இனிப்புநீர், ஹாப்ஸ் என்னும் கொடியின் உலர்ந்த மலர்க்கொத்துகளுடன் கொதிக்கவைக்கப்படுகிறது. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிநிலையில் உருமாறித் தண்ணீரில் கரையக்கூடிய கசப்புப் பொருள்களாகின்றன. இக்கசப்பு இனிப்பைச் சமன்செய்வதோடு சிலவகைப் பாக்டீரியாக்கள் வளராமலும் தடுக்கிறது. பின்னர் குறைந்த அழுத்தத்தில், அதனால் குறைந்த வெப்பத்திலேயே, நீரை ஆவியாக்கி எடைக்கு ஏறக்குறைய 80 விழுக்காடு திடப்பொருள் கொண்ட பாகாகச் சுண்டவைக்கின்றனர். நீர் இவ்வளவு குறைந்த நிலையில் நுண்ணுயிர்கள் பெருக முடியாது என்பதால் பாகு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. ஆக, முளைகட்டுதல், வறுத்தல், ஊறவைத்தல், கொதிக்கவைத்தல் என்னும் நான்கு படிகளும் ஆலையிலேயே முடிந்துவிட, உயிருள்ள ஈஸ்ட் செய்ய வேண்டிய இரு படிகள் மட்டுமே வீட்டுக்கு எஞ்சுகின்றன: பெருங்கலத்தில் நிகழும் முதல் நொதித்தல், புட்டிக்குள் நிகழும் இரண்டாம் நொதித்தல்.

கருமை பிறந்த கதை

இந்த இரண்டு படிகளையும் வழிநடத்தும் கருவி ஹைட்ரோமீட்டர். தமிழ்நாட்டுப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் பாலின் தரத்தைச் சோதிக்கப் பயன்படும் பால்மானி எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ, அதே தத்துவத்தில்தான் இதுவும் இயங்குகிறது: அடிப்பகுதியில் எடை வைத்த கண்ணாடிக் குழல், அடர்த்தி மிகுந்த நீர்மத்தில் உயர்ந்தும் அடர்த்தி குறைந்த நீர்மத்தில் தாழ்ந்தும் மிதக்கிறது. தூய நீரின் அடர்த்தியை 1.000 எனக் கொண்டால், ஒரு நீர்மத்தின் அடர்த்தி அதைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்நீர்மத்தின் ஒப்படர்த்தி. சர்க்கரை கரையக் கரைய ஒப்படர்த்தி உயர்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய பீர் தயாரிப்பாளர்கள் இக்கருவியைக் கையில் எடுத்தனர். ஹல் நகரைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் இதன் பயன்பாட்டை விளக்கி ஒரு நூலே வெளியிட்டார். அதுவரை போர்ட்டர், விறகுத் தீயில் உலர்த்திய மலிவான பழுப்பு மால்ட்டிலிருந்து தயாரிக்கப்பட்டது. ஒவ்வொரு மூட்டை மால்ட்டும் எவ்வளவு சர்க்கரை தருகிறது என்று ஹைட்ரோமீட்டர் காட்டியபோது, பழுப்பு மால்ட்டின் மலிவு வெறும் தோற்றம் என்பது வெளிப்பட்டது: கடும் சூட்டில் நொதிகள் அழிந்துபோவதால் அதன் சாறு வெளிர் மால்ட்டின் சாற்றைவிடக் கணிசமாகக் குறைவு. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்கு மாறின. செலவு குறைந்தது, ஆனால் வாடிக்கையாளர் எதிர்பார்த்த கருநிறமும் போயிற்று. எரித்த சர்க்கரை முதலியவற்றைக் கலந்து நிறமேற்றுவதைச் சட்டம் தடுத்த நிலையில், 1817இல் டேனியல் வீலர் என்பவர் காபிக்கொட்டை வறுக்கும் உருளையை ஒத்த ஓர் இரும்பு உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மால்ட்டை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுழற்றி வறுத்தால், கருகித் தீப்பற்றாமல் ஒரே சீராகக் கரிய நிறம் பெறும். சர்க்கரை தரும் வேலை வெளிர் மால்ட்டுக்கும், நிறமும் மணமும் தரும் வேலை சிறிதளவு கருமால்ட்டுக்கும் எனப் பணி இரண்டாகப் பிரிந்தது. பிற்காலத்தில் பல ஆலைகளில் முளைகட்டாத வறுத்த பார்லியும் கருமால்ட்டின் இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

வறுக்கும்போது தானியத்தின் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் இணைந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களை உருவாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமில் மெய்யார் 1912இல் விளக்கிய இவ்வினையின் விளைபொருள்களில் மெலனாய்டின் என்னும் பழுப்பு நிறமிகளும், வறுத்த மணத்துக்குக் காரணமான பைரசின்களும் அடங்கும். காபியிலும் கோகோவிலும் உள்ள பைரசின்களே இங்கும் உள்ளன. அதனால்தான் இவை எதுவும் சேர்க்கப்படாத ஸ்டவுட்டிலும் காபி, கருப்புச் சாக்லேட் ஆகியவற்றின் சுவை உணரப்படுகிறது. கோப்பையில் கருமையாகத் தெரியும் ஸ்டவுட்டை வலுவான விளக்கொளிக்கு எதிரே பிடித்தால், விளிம்பில் ஆழ்ந்த மாணிக்கச் சிவப்பு புலப்படும்.

ஈஸ்ட்டின் பணி

வீட்டில் முதல் வேலை துப்புரவு. கலம், குழாய், கரண்டி, ஹைட்ரோமீட்டர் என பீரைத் தொடும் ஒவ்வொன்றையும் கழுவி அழுக்கை நீக்கிய பின் கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருக்கும் பரப்பில் கிருமிநீக்கி முழுமையாக வேலை செய்யாது என்பதால் இந்த வரிசையை மாற்றக்கூடாது. துப்புரவின் முக்கியத்துவம் உலகுக்குத் தெளிவானதும் ஒரு போர்ட்டர் ஆலையில்தான். 1871இல் லண்டன் விட்பிரெட் ஆலைக்கு வந்த லூயி பாஸ்டர், அங்கு பயன்பாட்டிலிருந்த போர்ட்டர் ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் பீரைக் கெடுக்கும் வேற்றுயிர்கள் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அடுத்த சில நாள்களிலேயே ஆலை ஒரு நுண்ணோக்கியை வாங்கிவிட்டது. பீர் பற்றிய தம் ஆய்வுகளைப் பாஸ்டர் 1876இல் நூலாக வெளியிட்டார்.

பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ உலர் மால்ட் சாறோ சர்க்கரையோ சேர்த்து, குளிர்நீர் ஊற்றி 23 லிட்டராக்கினால் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.040 ஆக இருக்கும். வெறும் சர்க்கரையைச் சேர்த்தால் அது முழுவதும் நொதித்துவிடுவதால் பீர் நீர்த்ததாகத் தோன்றும். ஸ்டவுட்டுக்கு வேண்டிய திடத்தை மால்ட் சாறே தரும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் அது தானியத்தின் ஃபீனால் சேர்மங்களுடன் இணைந்து மருந்து நெடியை உண்டாக்கக்கூடும் என்பதால், கொதிக்கவைத்து ஆறவைத்த நீரைப் பயன்படுத்துவது நல்லது.

கலவை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆறியதும் ஈஸ்ட் தூவப்படுகிறது. ஒரு கிராம் உலர் ஈஸ்ட்டில் பல நூறு கோடி உயிருள்ள செல்கள் இருக்கின்றன. செல்களின் எண்ணிக்கை குறைந்தால் நொதித்தல் தாமதிக்கும், அந்த இடைவெளியில் வேற்றுயிர்கள் இடம்பிடிக்கும். ஆகவே ஆலைகள் அவற்றை எண்ணத் தலைப்பட்டன. கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளியை வைத்து எண்ணும்போது எவ்வளவு பிழை நேரும் என்பதைக் கணித முறையில் ஆராய்ந்து 1907இல் வெளியிட்டவர், கின்னஸ் ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி கோசெட். உலர் ஈஸ்ட் தயாரிப்பாளர் அந்த எண்ணிக்கையைப் பொட்டலத்துக்குள்ளேயே உறுதிசெய்துவிடுவதால் வீட்டில் எவரும் எண்ண வேண்டியதில்லை.

தொடக்கத்தில் கலவையை நன்கு கலக்கிக் காற்றேற்ற வேண்டும். ஈஸ்ட் தன் செல்சுவரை ஒட்டிய சவ்வைக் கட்ட ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. நொதித்தல் தொடங்கிய பின் நிலைமை தலைகீழாகிறது. அப்போது நுழையும் ஆக்சிஜன், நாளடைவில் பீருக்கு நனைந்த அட்டையின் நெடியை ஏற்படுத்தும். ஈஸ்ட் ஒவ்வொரு 180 கிராம் குளுக்கோஸையும் ஏறக்குறைய 92 கிராம் எத்தனாலாகவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் பிளக்கிறது. 23 லிட்டர் கலத்திலிருந்து சில நாள்களில் வெளிவரும் வாயு 350 லிட்டருக்கு மேல். அதனால் கலத்தை இறுக மூட இயலாது. நீர் நிரப்பிய வளைகுழாயை மூடியில் பொருத்தினால், வாயு குமிழ்களாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது.

நொதித்தல் வெப்பத்தை உமிழும் வினை என்பதால் கலத்தின் உட்பகுதி அறையைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். வெப்பம் மிகுந்தால் ஈஸ்ட் பழநெடி வீசும் எஸ்டர்களையும், தொண்டையைச் சுடும் உயர் ஆல்கஹால்களையும் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. 18 முதல் 21 டிகிரிக்குள் நிறுத்திவைப்பதே ஸ்டவுட்டுக்குப் பாதுகாப்பானது. சர்க்கரை தீர்ந்த பிறகும் ஈஸ்ட்டுக்கு வேலை இருக்கிறது: இடையில் தான் வெளியிட்ட, வெண்ணெய் மணமுள்ள டையசிட்டைலையும் பச்சை ஆப்பிள் மணமுள்ள அசிட்டால்டிஹைடையும் அது மீண்டும் உறிஞ்சி மாற்றிவிடுகிறது. அவசரப்படுவோர் இந்தக் கடைசிப் பணியைத்தான் இழக்கின்றனர்.

புட்டியில் அடைக்கும் நாள்

நுரை அடங்குவதும் குமிழ்கள் நிற்பதும் நொதித்தல் முடிந்ததற்கு உறுதியான அடையாளங்கள் அல்ல. அறை குளிர்ந்தாலே குமிழ் நின்றுவிடும். மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் வாயு வேறு வழியில் வெளியேறும். ஒப்படர்த்தி இறங்கி, தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால் மட்டுமே நொதித்தல் முடிந்தது எனலாம். மேற்கண்ட கலவை 1.040இலிருந்து 1.011க்கு இறங்கியதாகக் கொண்டால், அந்த வேறுபாடான 0.029ஐ 131ஆல் பெருக்கக் கிடைக்கும் 3.8 என்பதே கன அளவில் ஆல்கஹாலின் விழுக்காடு.

அடுத்து வருவதுதான் கணக்கின் நுட்பமான பகுதி. புட்டி பீரில் நுரை வருவதற்கு, சிறிதளவு சர்க்கரையைச் சேர்த்து மூடிவிட, மிதந்துகொண்டிருக்கும் ஈஸ்ட் அதையும் நொதித்து வாயுவாக்குகிறது. வாயு வெளியேற வழியில்லாமல் பீருக்குள்ளேயே கரைகிறது. மூடிய கலத்தில் நீர்மத்துக்கு மேலுள்ள வாயுவின் அழுத்தம் கூடக் கூட, கரையும் வாயுவின் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்பது மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803இல் வெளியிட்ட விதி. பீர் தயாரிப்போர் இந்த வாயுவைக் ‘கொள்ளளவு’ என்னும் அலகால் அளக்கின்றனர்: ஒரு லிட்டர் பீரில், வழக்கமான வளியழுத்தத்தில் ஒரு லிட்டர் இடத்தை நிரப்பும் வாயு, அதாவது ஏறக்குறைய 2 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருந்தால் அது ஒரு கொள்ளளவு. ஸ்டவுட்டுக்கு 2 கொள்ளளவை ஒட்டிய மென்மையான வாயு போதுமானது. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே ஏறக்குறைய 0.85 கொள்ளளவு கரைந்து நிற்கிறது. மொத்தம் 2.1 வேண்டுமெனில் எஞ்சிய 1.25 கொள்ளளவை, அதாவது லிட்டருக்கு 2.5 கிராம் வாயுவை, சர்க்கரை தர வேண்டும். சர்க்கரையின் எடையில் பாதியே வாயுவாகிறது என்பதால் லிட்டருக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு, 23 லிட்டருக்கு ஏறக்குறைய 110 கிராம் என விடை கிடைக்கிறது. புட்டிக்குப் புட்டி கரண்டியால் போடுவதைவிட, இந்த 110 கிராமை எடைபோட்டுச் சிறிது நீரில் கொதிக்கவைத்து இன்னொரு கலத்தில் ஊற்றி, அதன்மேல் வண்டல் கலங்காதபடி சைஃபன் குழாயால் பீரை இறக்கினால் எல்லாப் புட்டிகளுக்கும் ஒரே அளவு கிடைக்கும்.

ஹைட்ரோமீட்டரைப் பார்க்காமல் நாள்காட்டியை நம்பியவருக்கு நேரக்கூடியதையும் இதே கணக்கு சொல்கிறது. ஒப்படர்த்தி 0.001 இறங்கும்போது ஏறக்குறைய அரைக் கொள்ளளவு வாயு பிறக்கிறது. 1.011க்கு இறங்க வேண்டிய பீர் 1.015இல் இருக்கும்போதே அடைக்கப்பட்டால், சேர்த்த சர்க்கரைக்கு மேல் இன்னும் இரண்டு கொள்ளளவு வாயு உருவாகிப் புட்டிக்குள் சிக்கும். 20 டிகிரி வெப்பத்தில் 2.1 கொள்ளளவு தரும் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 1.4 வளிமண்டலம் மிகுதி; 4.1 கொள்ளளவில் அம்மிகை 3.5 வளிமண்டலத்தைத் தாண்டுகிறது. கீறலோ விரிசலோ உள்ள பழைய கண்ணாடிப் புட்டி இதைத் தாங்காமல் வெடிக்கும்போது சில்லுகள் கண்ணையும் கையையும் கிழிக்கும் வேகத்தில் பறக்கும். துப்புரவு குறைந்தாலும் இதே ஆபத்து உண்டு. டெக்ஸ்ட்ரினையும் உடைத்து உண்ணக்கூடிய ஈஸ்ட் வகைகள் இருக்கின்றன, அவை புட்டிக்குள் புகுந்தால் முடிந்துவிட்டதாகக் கருதிய நொதித்தல் வாரக்கணக்கில் தொடரும்.

அழுத்தத்தைத் தாங்கும் மூடியும் ஒரு கண்டுபிடிப்பே. தமிழர் சோடா மூடி என்று அறிந்திருக்கும் பல்விளிம்புத் தகர மூடிக்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மூடியின் 21 பற்களையும் ஒரு கைநெம்புகோல் ஒரே அழுத்தில் புட்டியின் கழுத்தில் மடக்கிவிடுகிறது. கழுத்தில் இரண்டரை சென்டிமீட்டர் அளவு காலியிடம் விடுவதும், பழுப்புக் கண்ணாடியைத் தேர்வதும் வழக்கம். நீல, புறஊதா ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் சிதைந்து கந்தகம் கலந்த துர்நாற்றம் உண்டாகும், பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

முதிர்வும் நுரையும்

அடைத்த புட்டிகள் இரண்டு வாரம் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலும், பின்னர் சில வாரம் குளிர்ந்த இருளிலும் வைக்கப்படுகின்றன. முதல் கட்டத்தில் வாயு உருவாகிறது. அடுத்த கட்டத்தில் ஈஸ்ட் படிந்து, வறுத்த தானியத்தின் முரட்டுக் கசப்பு மென்மையாகிறது. அடியில் மெல்லிய படலமாகத் தங்கும் ஈஸ்ட் தீங்கற்றது. ஆயினும் கடைசி ஓரிரு சென்டிமீட்டரைப் புட்டியிலேயே விட்டு ஊற்றினால் பீர் தெளிவாக இருக்கும். ஊற்றும்போது எழும் நுரையை, பார்லியின் புரதங்களும் ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும் சேர்ந்து குமிழ்களைச் சுற்றி அமைக்கும் படலம் தாங்கிப்பிடிக்கிறது. மதுக்கூடங்களில் காணும் பாலேடு போன்ற நுரையை இதில் எதிர்பார்க்கக்கூடாது; அது கார்பன் டை ஆக்சைடுடன் நைட்ரஜனையும் அழுத்திச் செலுத்துவதால் வருவது. நீரில் நைட்ரஜனின் கரைதிறன் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே என்பதால் அதன் குமிழ்கள் மிகச் சிறியனவாகவும் நெடுநேரம் நிலைப்பனவாகவும் இருக்கின்றன.

குறிப்பேட்டின் பயன்

முதல் தயாரிப்பு நன்றாக அமைந்தவர், அடுத்த முறை சர்க்கரையை மாற்றலாமா, ஈஸ்ட்டை மாற்றலாமா, வெப்பத்தைக் குறைக்கலாமா என்று எண்ணுவது இயல்பு. மூன்றையும் ஒருசேர மாற்றினால் எந்த மாற்றம் எந்தச் சுவையைத் தந்தது என்பது தெரியாமலே போகும். ஒன்றை மட்டும் மாற்றி, தொடக்க ஒப்படர்த்தி, இறுதி ஒப்படர்த்தி, அன்றாட வெப்பம், சேர்த்த சர்க்கரையின் எடை ஆகியவற்றைக் குறித்துவைத்தாலும், ஓரிரு தயாரிப்புகளைக் கொண்டு முடிவுகட்டுவது எந்த அளவுக்குச் சரி என்ற கேள்வி எஞ்சும். சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற இதே கேள்விக்குத்தான், கின்னஸ் ஆலையின் கோசெட் 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்னும் புனைபெயரில் விடை கண்டார். இன்று மருத்துவம் முதல் வேளாண்மை வரை எல்லாத் துறையினரும் பயன்படுத்தும் டி-சோதனை அந்த விடையே. ஸ்டவுட் தயாரிப்பிலிருந்து உலகம் பெற்றவற்றுள் நெடுங்காலம் நிலைக்கப்போவது அந்தச் சிந்தனை முறைதான். ஒரு கிட்டும் ஒரு ஹைட்ரோமீட்டரும் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கும் எளிய மனிதரும், கண்ணால் கண்டதை எண்ணால் சரிபார்த்து, சரிபார்த்த பின்பே புட்டியை மூடும்போது, அந்த அறிவியல் மரபில் முழு உரிமையோடு பங்கேற்கிறார்.